ஆனி மாதத்துச் சீசாக்கள்

அழகுச் சாமான்களைப் பற்றி எழுத நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். யோக்கியதை இரண்டு இருக்கிறது. முதலாவது, நாம் ரஸாயன சாஸ்திரத்தில் பட்டம் பெற்று, மதுரையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் 20 வருஷமாக அதைக் கற்பித்து வருகிறோம். இரண்டாவது, நமக்கு வயது 45. இரு கன்னங்களிலும் மங்கு படர்ந்திருக்கிறது. முதல் யோக்கியதையைப் பற்றி யாரும் நம்மிடம் விசாரிப்பதில்லை. இரண்டாவதைப் பற்றி விசாரிக்காதவர்கள் கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், பால்காரர் மனைவி, கல்யாணப் பந்தியில் எதிர் இலைக்காரர் என்று ஆளுக்கொரு மருந்து சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவையும் பூசிப் பார்த்திருந்தால், இந்தக் கட்டுரையை எழுதும்போது மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொள்ள முகம் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே.

நம் வீட்டில் நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு மாடப் பிறை உண்டு. அகல் விளக்கு வைப்பதற்காக அந்தக் காலத்தில் கட்டியது. மின்சார விளக்கு வந்த பிறகு அதில் சீசாக்கள் குடியேறிவிட்டன. சென்ற ஆனி மாதத்தில் அந்தப் பிறைக்குப் புதிதாக வந்து சேர்ந்த சாமான்கள் பதினொன்று. அவற்றில் ஐந்தாறு தங்கின. மற்றவை வந்த வழியே போயின. தங்கியவற்றைப் பற்றியும், பிறைக்கு வராமலே நம்மைப் பல நாள் தூங்கவொட்டாமல் செய்த ஒரு டப்பியைப் பற்றியும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் வெயில் களிம்பு. இதற்கு நல்ல தமிழ்ப் பெயர் இன்னும் கடைத்தெருவுக்கு வந்து சேரவில்லை. ‘ஸன்ஸ்கிரீன்’ என்று கேட்டால்தான் கடைக்காரருக்கு விளங்குகிறது. ஆகையால் நாமும் அப்படியே எழுதுகிறோம். குடை இருக்கும்போது இது எதற்கு என்று நம் தலைமை ஆசிரியை கேட்டார். குடை மேலிருந்து வரும் வெயிலைத் தடுக்கும். பக்கவாட்டில் வருவதையும், சிமெண்டுத் தரையில் பட்டுத் திரும்புவதையும் அது என்ன செய்யும்? மேலும், காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் 600 குழந்தைகள் வெறுந்தலையோடு நிற்கும்போது, உபாத்தியாயினி மாத்திரம் குடை பிடித்துக் கொண்டு நிற்பது அழகாக இராது.

ஸன்ஸ்கிரீன் டப்பாவின் மேல் எஸ்.பி.எப். 30 என்றும் 50 என்றும் எண் போட்டிருப்பார்கள். புற ஊதாக் கிரணங்களில் ‘பி’ வகையை அது எவ்வளவு தடுக்கும் என்பதற்கான எண் அது. 30 என்றால், சுமார் முப்பதில் ஒரு பங்குதான் தோலுக்குள் போகும் என்று அர்த்தம். ஆனால் அந்தக் கணக்கு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசியவர்களுக்கே பொருந்தும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, இரண்டு விரல்களின் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்தால் ஏறக்குறைய அந்த அளவு வரும். நம்மில் பலர் அட்சதை போடுவதைப் போல் ஒரு துளியைத் தொட்டுத் தடவிவிட்டு, கொடுத்த காசு வீண் என்று கம்பெனிக்காரனை வைகிறார்கள்.

நாம் முதலில் வாங்கிய களிம்பில் துத்தநாக ஆக்ஸைடும் டைட்டேனியம் டை ஆக்ஸைடும் இருந்தன. இரண்டும் நல்ல பொருள்கள்தான். வெயிலைத் தடுக்கும். ஆனால் பின்னது சுவருக்கு அடிக்கும் வெள்ளைச் சாயத்திலும் சேர்வது. அதைப் பூசிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்ததும் ஏழாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி, “டீச்சர், நாடகத்துல நடிக்கப் போறீங்களா?” என்று கேட்டாள். அவள் கேலி செய்யவில்லை. மெய்யாகவே அறிய விரும்பினாள்.

இரண்டாவதாக வாங்கியதுதான் பிறையில் தங்கிற்று. அதில் மேற்படி இரண்டு பொருள்களோடு இரும்பு ஆக்ஸைடும் சேர்ந்திருக்கிறது. இதன் மகிமையைக் கொஞ்சம் விவரிக்க வேண்டும். மங்கு என்பது கண்ணுக்குத் தெரியாத கிரணங்களால் மட்டும் கருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும், முக்கியமாக அதிலுள்ள நீல ஒளியும், நம்மைப் போன்ற மாநிறத் தோலில் மங்கைக் கருக்கச் செய்கிறது. சாதாரண ஸன்ஸ்கிரீன் அந்த ஒளியை அவ்வளவாகத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்ஸைடு தடுக்கும். இரும்பு ஆக்ஸைடு என்றதும் யாரும் பயப்பட வேண்டாம். துருப்பிடித்த ஆணியின் மேல் இருப்பதும், செம்மண்ணுக்கும் காவிக் கல்லுக்கும் நிறம் கொடுப்பதும் அதன் வம்சந்தான். அழகுச் சாமான்களுக்கென்று அதைத் தொழிற்சாலையில் சுத்தமாகச் செய்கிறார்கள். அது சேர்வதனால் களிம்பின் வெளுப்பும் மாறி, நம் தோலின் நிறத்துக்கு வந்துவிடுகிறது. கடையில் மூன்று நிறங்கள் வைத்திருந்தார்கள். முதல் இரண்டும் யாருக்காகச் செய்தவை என்று தெரியவில்லை. நம் தெருவில் அந்த நிறத்தில் ஒருவரும் இல்லை. மூன்றாவது நம்முடையது.

கடையில் சாமான் விற்கும் பெண் நமது தேர்வை ஒப்பவில்லை. “மேடம், இது உங்களை இருக்கிற மாதிரியே காட்டும். பிரைட்டனிங் தரட்டுமா?” என்றாள். முன்பெல்லாம் இதைச் ‘சிவப்பாக்கும் கிரீம்’ என்று வெளிப்படையாகவே விற்றார்கள். 1975ம் வருஷத்தில் கடைக்கு வந்த ‘பேர் அண்ட் லவ்லி’, 45 வருஷம் அந்தப் பெயரோடு வாழ்ந்து, 2020ம் வருஷத்தில் ‘குளோ அண்ட் லவ்லி’ ஆயிற்று. ‘பேர்’ என்ற வார்த்தை டப்பாவை விட்டுப் போய்விட்டது. ஜனங்களின் மனத்தை விட்டுப் போயிற்றா என்பதைக் கடைப்பெண்ணின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

ஒரு மாதம் அந்தக் களிம்பைப் பூசியதில் மங்கு மறைந்து விடவில்லை. முன்னிலும் கருக்கவில்லை, அவ்வளவே. மாலை மூன்றரை மணி வெயிலில் பஸ்ஸுக்காக நிற்கிறவர்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

அடுத்தது உதட்டுச் சாயம். உபாத்தியாயினி உதட்டுச் சாயம் பூசலாமா என்ற விவாதத்துக்குள் நாம் நுழையப் போவதில்லை. வெற்றிலை போட்டுச் சிவந்த உதட்டோடு பாடம் நடத்திய பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. நாம் வாங்கியது லாக்மே கம்பெனியின் செங்கல் நிறச் சாயம். இந்தக் கம்பெனியின் பெயருக்கு ஒரு வேடிக்கையான சரித்திரம் உண்டு. பிரெஞ்சு தேசத்துச் சங்கீத வித்வான் டெலீப் என்பவர் இந்தியாவில் நடப்பதாக அமைத்த இசை நாடகம் ஒன்று 1883ம் வருஷத்தில் பாரிஸில் அரங்கேறிற்று. அதன் கதாநாயகி பெயர் லாக்மே. நமது லக்ஷ்மியைத்தான் பிரெஞ்சுக்காரர் அப்படி அழைத்தார்கள். 1952ம் வருஷத்தில் டாட்டாக்கள் அழகுச் சாமான் கம்பெனி தொடங்கியபோது, பாரிஸிலிருந்து லக்ஷ்மியை மீட்டுக்கொண்டு வந்து பெயராக வைத்தார்கள். 1998ல் கம்பெனி இந்துஸ்தான் லீவர் கைக்கு மாறிற்று. லக்ஷ்மி ஓரிடத்தில் நிற்க மாட்டாள் என்று பெரியவர்கள் சொல்லியிருப்பது தெரிந்ததுதானே? நிறத்தைப் பற்றிச் சொல்ல மறந்தோமே: ரோஜா நிறமும் ஆரஞ்சு நிறமும் நமது உதட்டில் ஒட்டவைத்தாற்போல் தனித்து நிற்கும். செங்கல் நிறமோ அங்கேயே பிறந்ததுபோல் இருந்துவிடுகிறது.

கண்ணுக்கு மை வாங்கவில்லை. கரிசலாங்கண்ணிச் சாற்றில் தோய்த்து உலர்த்திய துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்துப் பிடித்த மை நம் அத்தை வீட்டிலிருந்து வருஷத்துக்கு ஒரு சிமிழ் வருகிறது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பொட்டைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது. நம் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சருக்கு நெற்றியில், பொட்டு வைக்கும் இடத்தில், பொட்டின் அளவுக்கே ஒரு வெள்ளைத் தழும்பு விழுந்திருக்கிறது. ஆறேழு வருஷம் விடாமல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியதன் பலன் என்று தோல் டாக்டர் சொன்னார். சிலவகை ஸ்டிக்கர்களின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்று ஒரு சரக்கு இருக்கிறது. தோலுக்கு நிறம் கொடுக்கும் உயிரணுக்களை அது கொன்றுவிடுகிறது. எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. ஆகிறவர்களுக்கு, ஒட்டுவதை நிறுத்தினாலும் நிறம் திரும்புவது நிச்சயமில்லை. கணக்கு டீச்சர் அந்த வெள்ளையை மறைப்பதற்காக இப்போது முன்னிலும் பெரிய பொட்டு வைக்கிறார். குங்குமத்தில் வைப்பதால் பாதகமில்லை.

அவருக்காகத்தான் நாம் இந்த மாதம் நல்ல குங்குமம் தேடிப் புறப்பட்டோம். கீழ மாசி வீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்காரர், மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்து முறைப்படி செய்த குங்குமம் கொடுத்தார். கடையில் பளிச்சென்று மின்னும் சாயக் குங்குமத்தின் பக்கத்தில் இதை வைத்தால் கொஞ்சம் சோகையாகத் தெரியும். ஆனால் இது நெற்றியில் ஏறினால் அரிக்காது. அதே கடையில் நலங்கு மாவும் வாங்கினோம்: பச்சைப் பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, உலர்ந்த ரோஜா இதழ். பொட்டலமாக வாங்காமல், தனித்தனியே நிறுத்து வாங்கி மாவு மில்லில் அரைத்துக் கொண்டோம். கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் வேறு கிழங்குகளும் விற்பனையாகின்றன. அதை மாத்திரம் முகர்ந்து பார்த்து வாங்க வேண்டும். உண்மையான சரக்கு சமையல் மஞ்சளைப்போல் கறை பிடிக்காது; கற்பூரத்தின் சாயல் மணத்தில் இருக்கும்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பாவது ஏன் என்று எட்டாம் வகுப்பில் கேட்டோம். காரப் பொருள் எது பட்டாலும் மஞ்சள் சிவக்கும். ஆகையால் மஞ்சள் தடவி உலர்த்திய தாள் ஒன்று இருந்தால், எது காரம், எது காரமல்ல என்று சொல்லிவிடலாம். ஆய்வுச்சாலையில் லிட்மஸ் தாள் தீர்ந்துபோயிருந்தது. அதுவும் ஒரு காரணம். மறுநாள் ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் முகத்துக்கு உபயோகிப்பது எதுவோ அதில் கொஞ்சம் கொண்டுவரலாம் என்று சொன்னோம்.

வகுப்பறை மறுநாள் அத்தர்க் கடைபோல் மணத்தது. காகிதத்தில் சுற்றிய ஸோப்புத் துண்டுகள், ஷாம்பூப் பொட்டலங்கள், பவுடர், பயத்தமாவு, ஒரு குழந்தையின் தாத்தா சவரம் செய்துகொள்ளும் களிம்பு. ஸோப்புக் கரைசல் பட்ட இடமெல்லாம் தாள் வெற்றிலை எச்சில்போல் சிவந்தது. நம் தோலின் மேற்பரப்பு இயற்கையில் லேசான புளிப்புத் தன்மை உடையது, ஸோப்போ காரம். அதனால்தான் ஸோப்புப் போட்டுக் கழுவியதும் முகம் இழுத்துப் பிடிக்கிறது. பயத்தமாவு தாளை மாற்றவில்லை. மாவு கொண்டுவந்த குழந்தைக்கு ஏதோ பரீக்ஷையில் முதலாவதாக வந்ததுபோல் சந்தோஷம்.

கடைசி வரிசையில் ஒரு பெண் சிறிய வட்ட டப்பி ஒன்றை நீட்டினாள். அவள் பெயர் இங்கே வேண்டாம். வெண்ணெய் போன்ற களிம்பு. தாளில் தடவினோம். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

“அப்ப இது நல்லதுதானே டீச்சர்?” என்றாள்.

மஞ்சள் தாளுக்குத் தெரிந்தது ஒரே சங்கதி. அது சொல்லாத சங்கதிகள் ஆயிரம் இருக்கின்றன. டப்பியைத் திருப்பிப் பார்த்தோம். செய்தவர் விலாசம் இல்லை. லைசென்ஸ் எண் இல்லை. எந்த மாதத்தில் செய்தது என்று இல்லை. என்னென்ன சேர்த்தது என்று ஓர் எழுத்துக்கூட இல்லை. மூடியின்மேல் பால் வெள்ளை முகத்தோடு ஒரு மாது சிரித்துக்கொண்டிருந்தாள்.

இந்த மாதிரி டப்பிகளைக் கண்டால் நமக்கு வயிற்றைக் கலக்குவதற்குக் காரணம் பாதரஸம். தோலில் நிறத்தை உண்டாக்கும் நொதி ஒன்றின் வேலையைப் பாதரஸ உப்புக்கள் நிறுத்திவிடுகின்றன. ஆகையால் முகம் சில வாரங்களிலேயே வெளுக்கும். விற்பவன் பொய் சொல்லவில்லை, வெளுக்கத்தான் செய்கிறது. ஆனால் பூசிய பாதரஸம் தோலின்மேல் நிற்பதில்லை. உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. 2023ம் வருஷத்தில் கேரளத்தில் மலப்புரம் ஜில்லாவில், சிறுநீரக நோயோடு ஒருவர்பின் ஒருவராக வந்தவர்களை டாக்டர்கள் விசாரித்தபோது, பலரும் இப்படி வெளுக்க வைக்கும் களிம்புகளைப் பூசியவர்கள் என்று தெரியவந்தது. நம் தேசத்தில் 2020ம் வருஷத்து அழகுச் சாமான் விதிகளின்படி, பாதரஸத்தை எண்ணிச் சேர்க்கவே கூடாது; தானாகக் கலந்திருந்தாலும், கண்ணுக்கு இடுபவை நீங்கலாக, பத்து லக்ஷத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது. ஜப்பானில் மினமாட்டா என்ற கடற்கரை ஊர் பாதரஸத்தால் அடைந்த கதியை நினைத்து, அந்த ஊரின் பெயராலேயே ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கை 2017ல் அமலுக்கு வந்தது. விதியும் உடன்படிக்கையும் விலாசம் உள்ள கம்பெனியைக் கட்டும். விலாசம் இல்லாத டப்பியை எது கட்டும்?

அந்த டப்பியில் பாதரஸம் இருந்தது என்று நாம் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் கருவி நம் பள்ளிக்கூடத்தில் இல்லை. ஆனால் சனிக்கிழமை அந்தப் பெண்ணின் தாயார் வந்தபோது, டப்பி யாருடையது என்று கேட்டோம். மூத்த மகளுடையதாம். 22 வயது, ஜவுளிக் கடையில் வேலை. ஏழு மாதமாக இரவில் பூசி வருகிறாள். தங்கை, அக்காளுக்குத் தெரியாமல் எப்போதாவது தொட்டுக் கொள்வாளாம். அக்காளுக்கு உடம்பு சௌக்கியந்தானா என்று விசாரித்தோம்.

“சௌக்கியந்தான் டீச்சரம்மா. கால் மட்டும் வீங்குது. கடையில நின்னுக்கிட்டே இருக்கில்ல.”

ஜவுளிக் கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021ம் வருஷத்திலேயே தமிழ்நாட்டில் சட்டம் ஆகிவிட்டது. இருக்கை இருந்தாலும் கூட்டம் உட்கார விட வேண்டுமே. நின்றால் கால் வீங்கும் என்பதும் உண்மையே. காலையில் எழுந்ததும் கண் இமை வீங்கியிருக்கிறதா என்று கேட்டோம். அந்த அம்மாள் பதில் சொல்லாமல் நம் முகத்தைப் பார்த்தார். இரவெல்லாம் படுத்திருந்தவளுக்கு இமை வீங்குவதற்கும் ஜவுளிக் கடைக்கும் சம்பந்தமில்லை. மலப்புரத்துச் சமாசாரத்தை எடுத்துச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்:

“நிறம் கம்மின்னு ரெண்டு எடம் தட்டிப்போச்சு டீச்சரம்மா. நீங்க எனக்குச் சயின்ஸ் சொல்றீங்க. பொண்ணு பார்க்க வர்றவங்களுக்கு யாரு சயின்ஸ் சொல்றது?”

எட்டாம் வகுப்புப் புஸ்தகத்திலோ, நாம் பட்டத்துக்காகப் படித்த புஸ்தகங்களிலோ இதற்கு விடை இல்லை. கறுப்பும் அழகே என்று சொல்வதற்குச் சென்னையில் 2009ம் வருஷத்தில் ‘டார்க் இஸ் பியூட்டிபுல்’ என்று ஓர் இயக்கம் ஆரம்பித்தார்கள். நல்ல காரியம். அந்தச் சொல், பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று எழுந்து போகிறவர்களின் காதில் இன்னும் விழவில்லை. அந்த அம்மாளிடம் நாம் ஒன்றே கேட்டுக்கொண்டோம்: மகளை அழைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சிறுநீரைப் பரிசோதிக்க வேண்டும், டப்பியையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். வருகிறேன் என்றும் சொல்லாமல், மாட்டேன் என்றும் சொல்லாமல், முந்தானையில் டப்பியை முடிந்துகொண்டு போனார்.

பரிசோதனையில் சிறுநீரில் புரதம் கண்டது. டாக்டர் களிம்பை அன்றே நிறுத்தச் சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். கேரளத்திலும் பூச்சை நிறுத்தியதும் பலருக்கு நோய் தணிந்திருக்கிறது என்று சொல்லித் தைரியமும் கொடுத்திருக்கிறார். மறு பரிசோதனை ஆடியில். டப்பியைச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகக் கேள்வி.

இனி வாசனைத் திரவியங்கள். மதுரையில் இருந்துகொண்டு மல்லிகை மணத்தைச் சீசாவில் தேடுவது, வைகைக் கரையில் இருந்துகொண்டு தண்ணீரைப் போத்தலில் வாங்குவது போன்றது என்று எழுத நினைத்தோம். வைகையின் தற்கால நிலைமையை எண்ணி அந்த உவமையை விட்டுவிடுகிறோம். 2013ம் வருஷத்தில் புவிசார் குறியீடு பெற்ற நமது மதுரை மல்லிக்கு இந்த மாதம் ஒரு போட்டி வைத்தோம். ஒரு பக்கம் மாட்டுத்தாவணிப் பூச் சந்தையில் வாங்கிய அரும்பு. மறுபக்கம் மல்லிகை என்று எழுதியிருந்த மூன்று சீசாக்கள். மூன்றுமே தோற்றன. கனகாம்பரத்தில் ஸென்ட் தெளித்தாற்போல் இருந்தன. காரணம் விளங்காமல் இல்லை. மல்லிகையின் மணத்தில் இண்டோல் என்று ஒரு பொருள் கொஞ்சம் கலந்திருக்கிறது. அதைத் தனியே முகர்ந்தால் அந்துருண்டை வாடையும், அதைவிட மோசமான வாடையும் அடிக்கும். மலிவான ஸென்ட்டுக்காரர்கள் அதை விலக்கிவிட்டு இனிப்பை மாத்திரம் அடைக்கிறார்கள். அந்த அழுக்கு ஒரு சிட்டிகை இல்லாவிட்டால் மல்லிகை, காலண்டரில் அச்சடித்த மல்லிகை ஆகிவிடுகிறது.

மல்லிகைக்கு மற்றொரு விசேஷமும் உண்டு. ரோஜாவைப் பறித்த பின் அது புதிதாக மணத்தை உண்டாக்குவதில்லை. மல்லிகை அப்படியல்ல. காம்பை விட்டு வந்த பிறகும், அரும்பு விரிய விரிய, மணிக்கணக்காக மணத்தைச் செய்துகொண்டேயிருக்கும். பிரான்ஸில் கிராஸ் என்னும் ஊரில் இதைத் தெரிந்துகொண்டு, கொழுப்புத் தடவிய கண்ணாடிப் பலகையின்மேல் மல்லிகையைப் பரப்பி மணத்தைப் பிடித்தார்கள். வட இந்தியாவில் எள்ளின் நடுவே பூவை அடுக்கி, எள்ளுக்கு மணம் ஏற்றிப் பிறகு எண்ணெய் ஆட்டினார்கள். நம் ஊர்ப் பெண்களோ, கொழுப்பும் வேண்டாம் எள்ளும் வேண்டாம் என்று கூந்தலிலேயே வைத்துக் கொள்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு வைத்த சரம் இரவு பத்து மணிக்குத்தான் முழு மணத்துக்கு வருகிறது. நாம் கேட்டால் இதைவிட உயர்ந்த யந்திரம் கிராஸில் இல்லை.

மைசூர் சந்தன ஸோப்பைப் புதிய கண்டுபிடிப்பு என்று சொன்னால் சிரிப்பார்கள். மஞ்சள் தாளில் அதுவும் சிவக்கும் ஜாதிதான். இருந்தாலும் பல வருஷத்துக்குப் பின் இந்த மாதம் ஒரு கட்டி வாங்கினோம். முகத்துக்கு அல்ல, கைக்கு. முதல் உலக யுத்தத்தில் மைசூர்ச் சந்தனக் கட்டை ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏற முடியாமல் தேங்கிப்போயிற்று. அந்த நஷ்டத்தையே முதலாக வைத்து, நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மகாராஜாவாகவும் விசுவேசுவரய்யா திவானாகவும் இருந்த காலத்தில், 1916ம் வருஷத்தில் ஆரம்பித்த தொழில் இது. யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட சரபம் இன்றும் அதன் உறையின்மேல் இருக்கிறது. கட்டி தீர்ந்த பிறகு உறையைப் புடவைப் பெட்டியில் போட்டு வைக்கிற வழக்கம் நம் தாயாருக்கு இருந்தது. நமக்கும் இருக்கிறது. அதே பெட்டியில், கடலூர்க் கரை மணலில் விளைந்த வெட்டிவேர் ஒரு முடிச்சும் கிடக்கிறது.

இந்த மாதத்துச் சாமான்களில் முதல் பரிசுக்குரியது, சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு சீசா. விடுமுறையில் காசிக்குப் போய்வந்த நம் பள்ளிக்கூடத்துத் தமிழம்மா, எல்லோருக்கும் கங்கைச் செம்பும் காசிக் கயிறும் கொண்டுவந்தார். நமக்கு மட்டும், “நீங்க கெமிஸ்ட்ரிக்காரராச்சே” என்று இந்தச் சீசாவைக் கொடுத்தார். மிட்டி அத்தர். மிட்டி என்றால் ஹிந்தியில் மண். ஐக்கிய மாகாணம் என்று முன்பு அழைத்த உத்தரப் பிரதேசத்தில், கங்கைக்கு அருகே கன்னோஜ் என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. ஹர்ஷ சக்கரவர்த்தியின் தலைநகரம். அங்கே மண்ணைத் தட்டி, லேசாகச் சுட்டு, செப்புக் கொப்பரையில் தண்ணீரோடு இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்துக் கீழே நெருப்பு மூட்டுகிறார்கள். ஆவி ஒரு மூங்கில் குழாய் வழியாகப் போய், தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்திய வேறொரு செப்புக் குடத்தில் இறங்குகிறது. அந்தக் குடத்தில் சந்தன எண்ணெய் காத்திருக்கும். மண்ணின் மணத்தை அது வாங்கி வைத்துக் கொள்ளும். பூவில் மணம் எடுப்பதை யாரும் யோசிக்கலாம். மழை பெய்தால் மண் மணக்கிறதே, அதைப் பிடித்து அடைத்தால் என்ன என்று யோசித்தவன் பெரிய கவியாக இருந்திருக்க வேண்டும், அல்லது மழையில்லாத ஊரில் பிறந்திருக்க வேண்டும்.

1964ம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இஸபெல் ஜாய் பேர் அம்மையாரும் ரிச்சர்டு தாமஸ் என்பவரும் அந்த மண்வாசனைக்குப் ‘பெட்ரிகோர்’ என்று பெயர் சூட்டி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். உத்தரப் பிரதேசத்து அத்தர்க்காரர்கள் இந்த மணத்தை முன்பே வடித்து விற்கிறார்கள் என்பதையும் அவர்கள் அந்தக் கட்டுரையிலேயே நேர்மையாகக் குறிப்பிட்டார்கள்.

ஆனி மாதத்தில் மதுரையில் ஒரு துளி மழை இல்லை. சீசாவைத் திறந்து மணிக்கட்டில் தொட்டு வைத்துக்கொண்டு பாடம் நடத்தினோம். முதலில் ஈர மண். ஒரு மணி நேரத்துக்குப் பின் புதுப் பானைத் தண்ணீர். மாலையில் சந்தனம் மட்டும் மிஞ்சுகிறது. பக்கத்தில் நிற்பவர்களுக்குக்கூடத் தெரியாது. நமக்குத் தெரியும்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டுவதற்காக அந்த ஜவுளிக் கடைப் பெண் தாயாரோடு வந்திருந்தாள். களிம்பை நிறுத்திவிட்டதால் முகம் திட்டுத் திட்டாக இருந்தது. துப்பட்டாவால் பாதி மறைத்திருந்தாள். சீட்டைப் படித்துப் பார்த்துவிட்டு, மாத்திரை வேளைகளை விளக்கினோம். பேச்சு அதற்கு மேல் ஓடவில்லை. மேஜையின்மேல் இருந்த சீசாவை அவள் பார்த்துக் கொண்டிருந்தாள். அதுவும் பூசுகிற சாமானோ என்று பயந்தாள் போலும். தோலுக்கு அல்ல, மூக்குக்கு என்று சொல்லி, அவள் துப்பட்டாவின் நுனியில் ஒரு துளி வைத்தோம்.

முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். துப்பட்டா முகத்தை விட்டு நழுவியதை அவள் கவனிக்கவில்லை.

“அம்மா, காலையில நம்ம வாசல் தெளிச்ச மாதிரி இருக்கும்மா,” என்று தாயாரிடம் நீட்டினாள். பிறகு நம்மைப் பார்த்து, இது மதுரையில் எந்தக் கடையில் கிடைக்கும், என்ன விலை என்று கேட்டாள். விலையைச் சொன்னோம். கடை நமக்குத் தெரியவில்லை. தமிழம்மாவை விசாரித்ததில், அடுத்த யாத்திரை ராமேசுவரத்துக்காம்.